சீனத்து டிராகனும் வெளிப்படுத்தலின் வலுசர்ப்பமும்



இந்த வாரம் என்னுடைய தவறு ஒன்றை அறிக்கையிட்டுவிட்டுத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார். சிங்கப்பூரில் பணிபுரியும் அவருடைய மகனுக்கு அங்குள்ள சீனக் குடும்பம் ஒன்றில் பெண் நிச்சயமாகியிருந்தது. அந்தக் குடும்பத்தார் சம்பந்தி வீட்டுக்கென்று ஒரு பீங்கான் ஜாடியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வெள்ளைப் பீங்கானின்மேல் நீல நிறத்தில் ஒரு டிராகன், மேகங்களுக்கிடையே உடலை வளைத்துக்கொண்டு ஜாடியைச் சுற்றி வந்தது. "ஐயா, இதை வீட்டில் வைக்கலாமா?" என்று சகோதரி கேட்டார். நான் வெளிப்படுத்தின விசேஷம் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து வாசித்துக் காட்டினேன். அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய், கொல்லையிலுள்ள துவைக்கும் கல்லின்மேல் அந்த ஜாடியைப் போட்டு உடைத்தார்.

திருமணத்துக்குப்பின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அந்த மருமகள் நம் ஊருக்கு வந்தாள். மூன்று தலைமுறையாகக் கர்த்தரை அறிந்த வீட்டுப் பெண். ஜாடிக்கு என்ன நேர்ந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்தாள், கோபப்படவில்லை. "பாஸ்டர், எங்கள் சீன வேதாகமத்தில் பிசாசைக் குறிக்க வருகிற அதே எழுத்து என் அப்பாவின் பெயரிலும் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் என் தாத்தா. அவர் சபையில் மூப்பராக இருந்தவர். பிசாசின் பெயரையா அவர் தம் பிள்ளைக்கு வைத்தார்?" என்று கேட்டாள்.

இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் சற்று எபிரெயமும் கற்றவன் நான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பின் வாசித்தும் விசாரித்தும் அறிந்துகொண்டதை இப்போது உங்கள்முன் வைக்கிறேன். உங்கள் பிள்ளைகளும் இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனர்களோடு பக்கத்து மேசையில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். ஆகையால் இது ஒரு குடும்பத்தின் கேள்வி மாத்திரமல்ல.

நாம் டிராகன் என்று சொல்லுகிற அந்தச் சீன உருவத்தின் பெயர் 'லுங்'. அது சீன நாகரிகத்தின் மிகப் பழைய அடையாளங்களில் ஒன்று. ஹெனான் மாநிலத்தின் பூயாங் நகரில் 1987-ல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது, மனித எலும்புக்கூட்டின் ஒரு பக்கம் லுங்கின் உருவமும் மறுபக்கம் புலியின் உருவமும் சிப்பி ஓடுகளால் அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கல்லறை ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆபிரகாம் ஊர் பட்டணத்தைவிட்டுப் புறப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த உருவம் அந்த மக்களோடு இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லுங்குக்கு மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பாம்பின் கழுத்து, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், மாட்டின் காது என்று ஒன்பது ஒப்புமைகளைச் சீன மரபு கூறுகிறது. பெரும்பாலான சித்திரங்களில் அதற்குச் சிறகு இல்லை, சிறகில்லாமலே பறக்கும். ஐரோப்பியக் கதைகளின் டிராகன் நெருப்பைக் கக்கும், குகையில் பொன்னைக் காக்கும், கன்னிப் பெண்களைக் கேட்கும், இறுதியில் ஒரு வீரனின் ஈட்டிக்கு இரையாகும். லுங் அப்படிப்பட்டதன்று. அது தண்ணீருக்குரியது. மேகமும் மழையும் ஆறும் கடலும் அதன் இருப்பிடம். கி.பி. 100-ஐ ஒட்டி ஷு ஷென் என்னும் அறிஞர் தொகுத்த பழஞ்சீன அகராதி, அது வசந்த காலத்தில் வானத்துக்கு ஏறி, இலையுதிர் காலத்தில் ஆழத்துக்குள் இறங்கும் என்று விளக்கம் சொல்லுகிறது.

இதற்குப் பின்னால் விவசாயியின் கண்பார்வை ஒன்று இருக்கிறது. சீனர்கள் கிழக்கு வானத்து நட்சத்திரங்களை இணைத்து ஒரு நீண்ட லுங்கை வரைந்திருந்தார்கள். நாம் சித்திரை என்று அழைக்கும் நட்சத்திரம் அதன் கொம்பு. நம்முடைய கேட்டைதான் அதன் இருதயம். (ஜாதகம் பார்க்கச் சொல்லுகிறேன் என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். யோபுவோடு பேசின தேவனும் நட்சத்திரக் கூட்டங்களைப் பெயர் சொல்லியே பேசினார்.) குளிர்காலம் முடியும்போது அந்தக் கொம்பு மாலையில் அடிவானத்துக்குமேல் எழும்பத் தொடங்கும். சீனச் சந்திர நாட்காட்டியின் இரண்டாம் மாதம் இரண்டாம் நாளை 'லுங் தலை தூக்கும் நாள்' என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். நிலம் இளகும், மழை வரும், ஏர் பூட்டலாம் என்பது அதன் பொருள். மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்த ஒரு ஜனம் தன் எதிர்பார்ப்புக்குக் கொடுத்த உருவம் அது. அப்படியிருக்க, நான் அதற்குள் பாத்மு தீவில் யோவான் கண்ட சத்துருவை வாசித்துவிட்டேன்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது.

எபிரெய வேதத்தில் 'தன்னீன்' என்று ஒரு சொல் உண்டு. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தேவன் ஐந்தாம் நாளில் சிருஷ்டித்தவை தன்னீன்களே. நம் தமிழ் வேதாகமம் அவற்றை மகா மச்சங்கள் என்கிறது. பார்வோனுக்குமுன் ஆரோனின் கோல் மாறினதும் தன்னீனாகவே; அங்கே சர்ப்பம் என்று வாசிக்கிறோம். எழுபத்துநாலாம் சங்கீதத்தில் கர்த்தர் தலைகளை உடைத்ததும் தன்னீன்களுடையவை, அங்கே வலுசர்ப்பங்கள். ஒரே சொல் நல்ல சிருஷ்டியாகவும் அடையாளமாகவும் சத்துருவாகவும் நிற்கிறது. கிறிஸ்துவுக்கு முன்னான நூற்றாண்டுகளில் யூத அறிஞர்கள் வேதத்தைக் கிரேக்கத்துக்குப் பெயர்த்தபோது, பல இடங்களில் இதற்கு 'திராக்கோன்' என்று எழுதினார்கள். நூற்றுநாலாம் சங்கீதத்தில் கடலிலே விளையாடும்படி தேவன் உண்டாக்கின லிவியாதானும் அந்தக் கிரேக்க வேதத்தில் திராக்கோன்தான்! யோவான் சாத்தானுக்கு வழங்கிய சொல்லும் அதுவே. அது லத்தீனுக்குப் போய், பிறகு ஆங்கிலத்தில் டிராகன் ஆயிற்று. ஐரோப்பியச் சிற்பிகளும் ஓவியர்களும் மிகாவேலின் காலடியிலும் பரிசுத்த ஜார்ஜின் ஈட்டி முனையிலும் அதை வைத்தார்கள். என் ஞாயிறு பள்ளிப் பருவத்தில் பார்த்த படமும் அத்தகையதே. ஜாடியைப் பார்த்தவுடன் என் மனதில் எழும்பினது வேதவசனமா, அந்தப் படமா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஐரோப்பியர் சீனாவுக்குச் சென்று லுங்கைக் கண்டபோது, தங்களிடமிருந்த டிராகன் என்னும் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பிறகு வேதாகமத்தைச் சீனத்தில் பெயர்த்தபோது வண்டி திரும்பி வந்தது. டிராகனுக்குச் சீனத்தில் லுங் என்று எழுதினார்கள். நம் தேசத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. முதலில் முழுமையாக அச்சேறிய சீன வேதாகமம் வங்காளத்தின் செராம்பூரில், ஜோசுவா மார்ஷ்மன் என்னும் பாப்டிஸ்ட் மிஷனெரியின் உழைப்பால் 1822-ல் நிறைவு பெற்றது. இன்று சீனச் சபைகளில் பெருவாரியாக வழங்குவது 1919-ல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. அதில் ஆதியாகமத்தின் தன்னீன்கள் நம்முடையதைப் போலவே 'பெரிய மீன்' ஆகிவிட்டன. வெளிப்படுத்தலின் சத்துருவோ 'பெரிய சிவப்பு லுங்'. ஒரு சீன விசுவாசியின் நிலையை எண்ணிப்பாருங்கள். தன் பாட்டனார் மழையின் அடையாளமாகக் கண்டது, தன் தகப்பனாரின் பெயரில் இருப்பது, வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் ஸ்திரீயின் பிள்ளையை விழுங்கக் காத்துநிற்கிறது.

தமிழராகிய நமக்கு இந்தச் சங்கடம் நேரவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'வலுசர்ப்பம்' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எந்தத் தமிழ்ப் பிள்ளையும் தன் தகப்பனை நினைத்து வெட்கப்படவில்லை. டிராகன் என்னும் ஆங்கிலச் சொல் நம் வாயில் நுழைந்த பிறகே, ஏதோ ஒரு சீன உணவகத்தின் பலகையைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொண்டோம். 2024-ல் அவர்களுடைய லுங் ஆண்டு பிறந்தபோது, சீன அரசு ஊடகங்கள் ஆங்கிலச் செய்திகளிலும் டிராகன் என்பதற்குப் பதிலாக லுங் என்ற ஒலிப்பையே எழுதின. எனக்கு அது நியாயமாகவே தோன்றியது.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகமாய்த் தொட்டது ஒரு கல். சீனாவின் ஷியான் நகர அருங்காட்சியகத்தில் கி.பி. 781-ல் நிறுவப்பட்ட கற்பலகை ஒன்று இருக்கிறது. அலோபென் என்னும் ஊழியர் 635-ல் சுவிசேஷத்தோடு தாங் பேரரசின் தலைநகருக்கு வந்ததையும், பேரரசர் அவரை வரவேற்றதையும் அது சொல்லுகிறது. சீன எழுத்துக்களோடு சீரிய மொழி எழுத்துக்களும் அதில் உண்டு. சீனக் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அது. அதன் உச்சியில் பின்னிப் பிணைந்த லுங்குகள் ஒரு முத்தைப் பற்றியிருக்கின்றன. அதன் கீழே, தாமரைக்கும் மேகங்களுக்கும் மேலாக, ஒரு சிலுவை. அக்காலத்துச் சீன நினைவுக்கற்களுக்கு அப்படித்தான் தலைப்பகுதி செதுக்குவது வழக்கம். விசுவாசிகள் அந்த வழக்கத்தை விலக்காமல் அதற்குள் சிலுவையை வைத்தார்கள். அவர்கள் வேதம் அறியாதவர்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இதற்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். சென்னை பரங்கிமலை ஆலயத்தில் 1547-ல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த பாரசீகச் சிலுவைக் கல் இருக்கிறது. ஷியான் கல்லை நிறுத்திய அதே கிழக்கின் திருச்சபை மரபைச் சேர்ந்தது. அதில் சிலுவைக்குமேல் வளையும் தோரணம் இருபுறத்துத் தூண்களின் மேலுள்ள மகரங்களின் வாயிலிருந்து புறப்படுகிறது. மகரமும் நீரில் வாழும் கற்பனை விலங்கே. எத்தனை முறை அந்த மலைக்கு ஏறியிருக்கிறேன்! ஒருமுறைகூட நின்று பார்க்கவில்லை.

அப்படியானால் எல்லாம் சரி, எதையும் வீட்டில் வைக்கலாம் என்கிறாரா போதகர் என்று சிலர் கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. மோசே வனாந்தரத்தில் வெண்கலச் சர்ப்பத்தை உயர்த்தினான்; நம் ஆண்டவர் அதைத் தம்முடைய சிலுவைக்கே ஒப்பிட்டார். ஆனாலும் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். சர்ப்ப வடிவம் என்பதற்காக உடைக்கவில்லை. கர்த்தருக்குரியதை அதற்குக் கொடுத்தார்கள் என்பதற்காக உடைத்தான்.

சீனத்திலும் அப்படி நடந்தது. நான்கு கடல்களுக்கும் லுங் அரசர்கள் உண்டென்று கோவில் கட்டினார்கள். மழை பொய்த்தால் மண்ணால் லுங் உருவங்கள் செய்து சடங்கு நடத்தினார்கள், கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் தோங் ஜோங்ஷூவின் பெயரால் வழங்கும் நூலிலேயே அதற்கான முறைகள் உள்ளன. அப்படியும் பெய்யாவிட்டால், சில ஊர்களில் லுங் அரசரின் சிலையை வெளியே தூக்கி வந்து வெயிலில் வைத்தார்கள். வறட்சியின் வேதனையை அதுவும் உணரட்டும் என்று. அந்த விவசாயிகளைப் பார்த்து நகைக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ந்த வயலின் வரப்பில் நின்றவனுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். ஆயினும் மழையைத் தருகிறவர் யார் என்ற கேள்விக்கு எரேமியா சொன்ன பதிலே நம்முடைய பதில். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

இன்னொன்று அதிகாரம். மழைக்குரிய லுங் நாளடைவில் பேரரசருக்குரியதாயிற்று. சிங்காசனம் லுங் சிங்காசனம், உடை லுங் உடை. யுவான் வம்சக் காலத்திலிருந்து ஐந்து நகமுள்ள லுங்கை அரசவைக்கு வெளியே இருப்பவர்கள் அணியக்கூடாது என்று சட்டங்கள் பிறந்தன. ஹான் ஃபெய் என்னும் பழைய சிந்தனையாளர் ஒன்று சொன்னார்: லுங்கைப் பழக்கி அதன்மேல் ஏறவும் செய்யலாம், ஆனால் அதன் தொண்டையின்கீழ் எதிர்ப்புறமாய் வளர்ந்த செதில்கள் உண்டு, அவற்றைத் தொட்டவன் சாவான், அரசர்களும் அப்படியே. அதிகாரத்தில் இருப்பவர்களை அண்டி வாழ்ந்த எவருக்கும் இந்த உவமை புரியும். சபைக் கமிட்டிகளில் இருந்தவர்களுக்கும் புரியும். எசேக்கியேல் தீர்க்கதரிசி பார்வோனை நைல் நதியின் நடுவே கிடக்கும் பெரிய நீர்விலங்குக்கு ஒப்பிட்டது நினைவுக்கு வருகிறது. நதி என்னுடையது, அதை நானே உண்டாக்கினேன் என்று எண்ணினதே அவன் குற்றம். பேரரசின் லுங்கை வேதம் நியாயந்தீர்க்குமானால் இந்த இடத்திலேதான் தீர்க்கும். 1912 பிப்ரவரியில் ஆறு வயதுச் சிறுவனாயிருந்த கடைசிப் பேரரசர் பூயியின் பேரில் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டது. இன்று அந்த அரண்மனையைச் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் சுற்றிப்பார்க்கலாம்.

மூன்றாவதொன்று நம் வீடுகளைத் தொடுகிறது. மஞ்சள் நதியில் எதிர்நீச்சலிட்டு 'லுங் வாசல்' என்னும் அருவியைத் தாண்டும் கெண்டை மீன் லுங்காக மாறும் என்பது சீனக் கதை. அரசுத் தேர்வில் வென்றவனுக்கு அதைச் சொல்லுவார்கள். 'மகன் லுங் ஆகவேண்டும்' என்று ஆசைப்படுவது அங்கே பெற்றோரின் பழமொழி. லுங் ஆண்டில் பிள்ளை பிறக்கவேண்டும் என்று விரும்பிப் பெற்றுக்கொள்வோரும் உண்டு. 1988-லும் 2012-லும் சிங்கப்பூரில் பிறப்புகள் கூடின. அப்படிக் கூடிப் பிறந்த பிள்ளைகள் பிறகு வகுப்பறையிலும் கல்லூரி இடத்துக்கும் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நாம் லுங் என்று சொல்லுவதில்லை. டாக்டர், கலெக்டர் என்கிறோம். வாசலைத் தாண்டாத கெண்டைகளுக்கு நம் வீட்டில் என்ன இடம் என்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் இந்த வாரம் ஜெபத்தில் யோசியுங்கள். ஜாடியில் இருக்கும் டிராகனைவிட இந்த டிராகன் நம்மிடையே அதிகமாய் விழுங்குகிறது என்பது என் கருத்து.

நடைமுறைக்கு வருகிறேன். அலுவலகத்தில் சீனப் புத்தாண்டுக்கு லுங் நடனம் ஆடினால் ஓடி ஒளியவேண்டியதில்லை. நண்பர் பட்டுத்துணி கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பெயரில் அந்த எழுத்துள்ளவரைப் பெயர் சொல்லி மரியாதையாய் அழையுங்கள். ஆனால் ஒருவர் இதற்குமுன் ஊதுபத்தி கொளுத்தி வணங்கு, வியாபாரம் பெருகும் என்று கொடுத்தால், தாழ்மையோடு மறுத்துவிடுங்கள். கடையில் விற்கிற மாம்சத்தைக் குறித்து பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன ஆலோசனை இதுவே. அவர் பொருளைப் பார்க்கவில்லை, மனச்சாட்சியையும் உடனிருக்கும் மனிதனையும் பார்த்தார். நான் அந்த நாளில் உடனிருந்த மனிதர்களைப் பார்க்கத் தவறினேன்.

சீனத்தில் யே பிரபு என்பவரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அவருக்கு லுங்கின்மேல் அவ்வளவு பிரியம். வீட்டுத் தூண்களிலும் சுவர்களிலும் அதையே செதுக்கி வைத்திருந்தார். இதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்த மெய்யான லுங் ஒருநாள் வானத்திலிருந்து இறங்கி, ஜன்னலில் தலையை நுழைத்தது. பிரபு வெளிறிப்போய் ஓடிவிட்டார். இந்தக் கதையை வாசித்தபோது, நான்கு சுவரிலும் வசன காலண்டர் தொங்கும் நம் வீடுகள் கண்முன் வந்தன. அந்நியரை வரவேற்றவர்கள் தம்மையே வரவேற்றார்கள் என்று சொன்னவருடைய வார்த்தைகள் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. அவர் சொன்னபடியே ஒருவர் வாசலில் வந்து நின்றபோது, அவர் கொண்டுவந்த காணிக்கையை நாங்கள் துவைக்கும் கல்லில் உடைத்தோம்.

அந்த மருமகளுக்குக் கடந்த மாதம் கடிதம் எழுதினேன். உங்கள் தாத்தா பிசாசின் பெயரை வைக்கவில்லை, உங்கள் போதகர்தான் அவசரப்பட்டார் என்று எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதிலில் அவள் ஜாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவின் பழைய சீன வேதாகமத்தில், வெளிப்படுத்தலின் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் 'இது நம்முடைய லுங் அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறாராம். அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

டிசம்பரில் அவர்கள் இருவரும் வருகிறார்கள். சகோதரியையும் அழைத்துக்கொண்டு பரங்கிமலைக்குப் போவதாக ஏற்பாடு. வர விரும்புகிறவர்கள் ஆராதனைக்குப்பின் என்னிடம் பெயர் கொடுங்கள். வேனில் பன்னிரண்டு பேருக்கு இடமிருக்கிறது.